ஈர்ப்பது நிகோடினா, பச்சை ஆப்பிளா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 24. சிகரெட் ஒருமுறைகூடப் பிடித்ததில்லை; அந்தப் புகை நாற்றமே எனக்கு ஆகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவர் கொடுத்த பச்சை ஆப்பிள் வாசனை கொண்ட மின் சிகரெட்டை இழுத்துப் பார்த்தேன். இப்போது நாள் முழுவதும் அது என் கையில்தான் இருக்கிறது. சென்ற மாதம் அந்த வாசனை கிடைக்காததால், வாசனையே இல்லாத திரவத்தை அதே நிகோடின் அளவில் வாங்கினேன். இரண்டு இழுப்புக்கு மேல் முடியவில்லை. தொண்டை கரித்தது, மனமும் நிறையவில்லை. ஆகவே எனக்கு நிகோடின் பழக்கம் இல்லை, வாசனைதான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் போன வாரம் அலுவலகத்தில் கை கழுவும் திரவத்தை மாற்றியிருந்தார்கள். அதில் பச்சை ஆப்பிள் மணம். துடைப்பதற்குள் ஈரக் கை தானாகச் சட்டைப்பையைத் தேடியது. கொஞ்சம் பயமாக இருக்கிறது. என்னைப் பிடித்து வைத்திருப்பது நிகோடினா, வாசனையா? நிகோடின் இல்லாத அதே வாசனைத் திரவத்துக்கு மாறிவிட்டால் போதுமா? மூளை பழைய நிலைக்குத் திரும்புமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் என்ற முறையில், மின் சிகரெட் பற்றிய கேள்விகள் எனக்கு அடிக்கடி வருவதுண்டு. பெரும்பாலானவை நுரையீரலைப் பற்றியவை. மூளையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் கடிதத்தில் அந்த ஈரக் கையைப் பற்றிய வரியை இருமுறை படித்தேன். உங்கள் முதல் கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது.

நிகோடினா, வாசனையா என்று நீங்கள் கேட்கும்போது, இரண்டும் தனித்தனி, அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. திரவம் தயாராகும் இடத்தில் அவை தனித்தனிப் புட்டிகளில் இருந்திருக்கலாம். இரண்டு ஆண்டுகளாக ஒன்றாகவே உள்ளே போன பிறகு உங்கள் மூளை அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாசனையற்ற திரவம் பிடிக்காமல் போனதை வைத்து, நிகோடின் பழக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அதே சோதனையிலிருந்து நான் எடுக்கும் முடிவு நேர்மாறானது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆவியை இழுத்தவுடன் நிகோடின் நுரையீரலில் இரத்தத்தோடு கலந்து, ஏறக்குறைய 10 முதல் 20 வினாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. மூளையில் இயல்பாகச் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளுக்காக நரம்புச் செல்களின் மேல் அமைந்திருக்கும் ஏற்பிகளில், பூட்டுக்குப் பொருந்தும் கள்ளச்சாவியைப் போல நிகோடின் போய் அமர்கிறது. நடுமூளையில் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி என்று ஓர் இடம் உண்டு. அங்குள்ள செல்கள் இப்படித் தூண்டப்படும்போது, அவற்றின் நீண்ட இழைகள் சென்று முடியும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் வெளியாகிறது.

டோபமினை 'இன்பம் தரும் ரசாயனம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் பாதிதான் சரி. இன்பத்தைத் தருவதைவிட, 'இதைக் கவனி, இதற்கு முன்னால் என்ன வந்தது என்று நினைவில் வை' என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பதே அதன் முக்கியமான வேலை என்பதை 1990-களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும்போது டோபமின் செல்கள் துடித்தன. சாறு வருவதற்குச் சற்று முன்பு ஒரு குறிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கியதும் அந்தத் துடிப்பு சாற்றிலிருந்து விலகி, குறிப்பு தோன்றும் நொடிக்கு நகர்ந்துவிட்டது. குறிப்பு தோன்றியும் சாறு வராமல் போனால், வர வேண்டிய அதே நொடியில் அந்தச் செல்களின் வழக்கமான துடிப்பும் அடங்கியது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்கள் விஷயத்தில் அந்தக் குறிப்பு பச்சை ஆப்பிள் வாசனை. ஒவ்வொரு இழுப்பிலும் வாசனை உடனே தெரிந்துவிடுகிறது. நிகோடின் சில வினாடிகள் கழித்தே மூளைக்கு வந்து சேர்கிறது. முதலில் வாசனை, பிறகு நிகோடின் என்ற இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. ஒரு நாளைக்கு 150 இழுப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். பள்ளியில் வாய்ப்பாட்டைக்கூட நாம் யாரும் அத்தனை முறை ஒப்பித்திருக்க மாட்டோம். கை கழுவும் திரவத்தில் நிகோடின் துளியும் இல்லை. ஆனாலும் அதன் வாசனை வந்ததும் உங்கள் நடுமூளை 'வரப்போகிறது' என்று அறிவித்துவிட்டது. கை அதற்குக் கீழ்ப்படிந்தது. நீங்கள் யோசித்து எடுத்த முடிவு அதில் எதுவும் இல்லை. அதனால் வெட்கப்படவும் வேண்டாம்.

வாசனை இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணமும் உண்டு. நாம் 'ஆப்பிள் சுவை' என்று சொல்வதில் நாக்கின் பங்கு இனிப்பும் புளிப்பும் மட்டுமே. மீதியெல்லாம், மூச்சை வெளியே விடும்போது தொண்டையின் பின்புறமாக மூக்குக்குள் ஏறும் மணத்தின் பங்கு. ஆவியை வாய் வழியாக இழுத்து மூக்கு வழியாக விடுபவருக்கு அந்த மணம் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகின்றன. மணத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உணர்ச்சிக்கும் அச்சத்துக்கும் தொடர்புடைய அமிக்டலாவுக்கு அது நேராகவே போகிறது. பல ஆண்டுகளுக்கு முன் முகர்ந்த ஒரு மணம் திடீரென்று ஒரு வீட்டையோ ஒரு மனிதரையோ கண்முன் நிறுத்துவது நம் எல்லோருக்கும் நேர்ந்திருக்கும். அதே பாதைதான் இது.

இப்போது உங்கள் வாசனையற்ற திரவத்துக்கு வருகிறேன். நிகோடினைப் பற்றிப் பரவலாகத் தெரியாத ஒரு செய்தி இதில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் எலிக்கு, நெம்பை அழுத்தினால் நிகோடின் மட்டும் கிடைக்கும்படி வைத்தால், அது பெரிய ஆர்வம் காட்டுவதில்லை. கொக்கெய்னுக்குக் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டால் நிகோடின் மிகச் சாதாரணமானது. நெம்பை அழுத்தும்போது ஒரு விளக்கும் எரிந்தால் நிலைமை மாறிவிடுகிறது. விளக்குக்கு மட்டும் அழுத்துவதையும் நிகோடினுக்கு மட்டும் அழுத்துவதையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக அழுத்துகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் செய்த இந்த வரிசை ஆய்வுகளில் இன்னொன்று நடந்தது. நெம்புக்கும் நிகோடினுக்கும் தொடர்பே இல்லாமல், நிகோடினைத் தனியாக உடலில் செலுத்திக்கொண்டிருந்தபோதும், விளக்குக்காக எலி நெம்பை அழுத்துவது கூடியது. அதாவது நிகோடின், தான் தரும் சிறு இன்பத்தோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் எந்தச் சிறு இன்பத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. சும்மா எரியும் விளக்குக்கே அப்படியென்றால், இனிப்பும் பழ மணமும் சேர்ந்த ஆவிக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். மனிதர்களிடமும், இனிப்புச் சுவையும் நிகோடினும் ஒன்றாகச் சேரும்போது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் காட்டும் எதிர்வினை வலுப்படுவதை, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் ஸ்கேன் மூலம் 2018-இல் பதிவு செய்தனர்.

ஆகவே 'எனக்கு வாசனைதான் பிடித்திருக்கிறது' என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. அந்த வாசனை இந்த அளவுக்குப் பிடித்துப்போகக் காரணமாக இருந்தது நிகோடின். வெறும் பச்சை ஆப்பிள் மணத்துக்காக ஒருவர் இரண்டு ஆண்டுகள் நாள் முழுவதும் ஒரு கருவியைக் கையில் வைத்திருந்ததை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

தொண்டை கரித்ததற்கும் விளக்கம் இருக்கிறது. நிகோடின் இயல்பில் கசப்பும் காரமும் கொண்டது. வாயிலும் தொண்டையிலும் எரிச்சலை உணரும் நரம்பு நுனிகளை அது நேரடியாகத் தூண்டும். நச்சுப்பொருள் வருகிறது என்று உடல் தரும் எச்சரிக்கைதான் அது. பழ மணமும் இனிப்பும் அந்த எச்சரிக்கையை மூடி மறைக்கின்றன. புதினா வகைகளில் சேர்க்கும் மென்தால், குளிர்ச்சியை உணரும் ஏற்பிகளைத் தூண்டி எரிச்சலை மரத்துப்போகச் செய்கிறது. இவை போதாதென்று, இப்போதைய திரவங்கள் பலவற்றில் நிகோடினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்து 'நிகோடின் உப்பு' என்ற வடிவில் தருகிறார்கள். காரத்தன்மை தணிந்துவிடுவதால், அதிக அடர்த்தியிலும் தொண்டையில் உறுத்தாமல் இறங்குகிறது. வாசனையற்ற திரவத்தின் அந்த இரண்டு இழுப்பில், இரண்டு ஆண்டுகளாக உள்ளே போய்க்கொண்டிருந்த நிகோடினை நீங்கள் முதன்முறையாக நேருக்கு நேர் சந்தித்தீர்கள்.

புட்டியிலோ பெட்டியிலோ எழுதியிருக்கும் எண்ணை ஒருமுறை பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் என்று இருந்தால், 2 மில்லிலிட்டர் திரவத்தில் 100 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. அவ்வளவும் உடலில் சேர்ந்துவிடாது. ஆனாலும் ஒரு சாதாரண சிகரெட்டிலிருந்து உடலில் சேர்வது சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம்தான் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிகரெட்டுக்கு எரிந்து முடியும் ஓர் எல்லையாவது உண்டு. அதை அணைக்கும்போது 'ஒன்று முடிந்தது' என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதற்கு அந்த எல்லையும் இல்லை.

இரண்டாவது கேள்வி, நிகோடின் இல்லாத அதே வாசனைக்கு மாறலாமா என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மணியடித்ததும் உணவு தந்து ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் பழக்கிய நாய்க்கு, மணியோசை கேட்டாலே எச்சில் ஊறும்; மணியடித்த பின் உணவு வராமலே போனால் அது மெல்ல மெல்ல நின்றுவிடும்; அதுபோல, வாசனைக்குப் பின் நிகோடின் வராமலே இருந்தால் அந்த இணைப்பு தளர வேண்டும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். தளரும். ஆனால் அழியாது. பழைய பாடத்தின் மேல் 'இப்போது வருவதில்லை' என்ற புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். மன அழுத்தமோ, பழைய நண்பர்களோ, பழைய இடமோ எதிர்ப்பட்டால் பழைய பாடம் மேலே வந்துவிடும். பாவ்லோவே நூறாண்டுக்கு முன் இதைக் கவனித்திருந்தார்: நின்றுபோன எதிர்வினை, ஓர் இடைவெளிக்குப் பின் தானாகத் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் அதே கருவி, அதே வாசனை, அதே கை அசைவு எல்லாம் தயாராகக் காத்திருந்தால், திரவத்தை மட்டும் மாற்ற எத்தனை நிமிடம் ஆகும்? இதோடு, நிகோடின் இல்லை என்று அச்சிட்ட திரவங்கள் சிலவற்றைச் சோதித்தபோது நிகோடின் இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

வாசனைப் பொருள்கள் மூளைக்கு வெறும் அலங்காரம்தானா என்பதும் இப்போது கேள்விக்குரியதாகிவிட்டது. அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தற்செயலாக, உங்கள் பச்சை ஆப்பிளைப் பற்றியது. அந்த மணத்தைத் தரும் பொருள்களில் ஒன்றான ஃபார்னசீனை நிகோடின் இல்லாமல் தனியாகக் கொடுத்தபோதே, அதைப் பெற்ற இடத்தைச் சுண்டெலிகள் நாடத் தொடங்கின. வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியில் உள்ள நிகோடின் ஏற்பிகளையும் அது பாதித்தது. நிகோடினோடு மென்தாலைச் சேர்த்துக் கொடுத்த சுண்டெலிகளிடம், நிகோடின் மட்டும் பெற்றவற்றைவிட ஏற்பிகள் கூடியதை இன்னோர் ஆய்வு காட்டியது. சுண்டெலியின் உடலில் அளந்து செலுத்துவதும் மனிதர் ஆவியாக இழுப்பதும் ஒன்றல்ல என்பதால், இவற்றை வைத்து உங்களை அச்சுறுத்த மாட்டேன். வாசனை மட்டும்தானே, அதனால் என்ன என்று அடித்துச் சொல்ல முடியாது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, இடையில் ஓரிரு வாரப் படியாக நிகோடின் இல்லாத திரவத்தைப் பயன்படுத்தி வெளியேறியவர்களும் உண்டு. தேதி குறிக்காமல் மாறியவர்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

பல ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர்கள் அதை விடுவதற்கு மின் சிகரெட் உதவுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. யாராவது அதை உங்களிடம் ஆறுதலாகச் சொல்லக்கூடும். சிகரெட்டே பிடிக்காமல் நேராக இதற்கு வந்த உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மூளை திரும்புமா என்பதற்கு வருவோம். நிகோடினின் இடைவிடாத தூண்டுதலுக்கு ஈடுகொடுக்க, மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகரெட்டை ஓரிரு முறை இழுத்தாலே முக்கியமான அந்த ஏற்பி வகையில் ஏறக்குறைய பாதி நிரம்பிவிடுவதும், அது சுமார் 3 மணி நேரம் நீடிப்பதும் தெரியவந்தது. நிகோடின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். ஆகவே இரவு உறக்கத்தில் பெரும்பாலான ஏற்பிகள் காலியாகிக் காத்திருக்கின்றன. காலையில் எழுந்தவுடன் வரும் சிடுசிடுப்புக்கும், முதல் இழுப்பு மட்டும் தனி நிறைவைத் தருவதற்கும் இதுவே காரணம்.

நல்ல செய்தி என்னவென்றால், இப்படிக் கூடிய ஏற்பிகள் நிரந்தரமானவை அல்ல. சிகரெட்டை நிறுத்தியவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், சுமார் 6 முதல் 12 வாரங்களுக்குள் அவை புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல், தூக்கக் குறைவு, கூடுதல் பசி ஆகியவை முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணியும். முடிவெடுக்கவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்மூளைப் பகுதி ஏறக்குறைய 25 வயதுவரை முதிர்ச்சியடைந்துகொண்டிருப்பதால், 14, 15 வயதில் தொடங்கியவர்களைப் பற்றி எனக்குள்ள கவலை பெரிது. நீங்கள் தொடங்கியது 22-இல். அந்த முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதால், தள்ளிப்போடாமல் இப்போதே நிறுத்துவது நல்லது. ஏற்பிகள் இறங்கிய பிறகும் வாசனையின் நினைவு மட்டும் நீண்ட நாள் இருக்கும். ஆறு மாதம் கழித்து எங்காவது அந்த மணம் வந்து கை அசைந்தால், பழையபடி ஆகிவிட்டோமோ என்று கலங்க வேண்டாம்.

நிறுத்தும் முறையில் என் பரிந்துரை, வாசனையையும் நிகோடினையும் முதலில் பிரித்துவிடுவது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை இதற்கு ஏற்றது. அதில் மணம் இல்லை, இழுப்பு இல்லை, சில வினாடிகளில் எகிறும் வேகமும் இல்லை. உடல் கேட்கும் நிகோடினை நாள் முழுவதும் சீராகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, வாசனைக்கும் அதற்கும் இருந்த வரிசை அறுந்துபோகிறது. பட்டையின் அளவைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கலாம். நிகோடின் கலந்த மெல்லும் கம் தேவைப்பட்டால், பழ மணம் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். அதே ஏற்பிகளில் பாதியளவுக்கு மட்டும் வேலை செய்து நிகோடினுக்கு இடம் கொடுக்காமல் செய்யும் வரெனிக்லின் என்ற மாத்திரையும் உண்டு. எதுவானாலும் இதய நோய், கருவுற்றிருத்தல், வேறு மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் என்பதால், நேரில் ஒரு மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள். திரவத்தின் நிகோடின் அடர்த்தியை மட்டும் நீங்களாகக் குறைத்தால், தெரியாமலேயே இழுப்பைக் கூட்டி ஈடுகட்டிவிடுவீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அலுவலகத்தில் கை கழுவும் திரவத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அது அங்கேயே இருக்கட்டும். மாற வேண்டியது சட்டைப்பைதான். கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வாசனை வரும், கை போகும், பை காலியாக இருக்கும். நெஞ்சில் ஒரு வெறுமையும் எரிச்சலும் எழும். எதிர்பார்த்த சாறு வராதபோது குரங்கின் டோபமின் செல்கள் அடங்கினவே, அதேதான் அது. சில நிமிடங்களில் தணிந்துவிடும். முதல் வாரம் அது தாங்க முடியாததாகத் தோன்றலாம். அந்த நிமிடங்களில் கையைத் துடைத்துவிட்டு இடத்தை விட்டு நகருங்கள், தண்ணீர் குடியுங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள்களுக்கு இரண்டு செய்திகளை மட்டும் குறித்து வையுங்கள். காலையில் கண் விழித்த எத்தனையாவது நிமிடத்தில் முதல் இழுப்பு என்பது ஒன்று. 5 நிமிடத்துக்குள் என்றால் நிகோடினைச் சார்ந்திருக்கும் பழக்கம் வலுவானது, அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் சற்று இலகுவானது. ஒரு நாளில் எத்தனை மில்லிலிட்டர் திரவம், என்ன அடர்த்தியில் தீர்கிறது என்பது மற்றொன்று. பட்டையை எந்த அளவில் தொடங்குவது என்று அவர் முடிவு செய்ய இவை தேவைப்படும்.